டீ வடிகட்டி ஜிமிக்கி

"அந்த மாம்பழக் கலர் பட்டுப்புடவை யாருடா?"

"தினகரோட அக்காவா இருக்கும். நல்ல குடும்பத்துப் பொண்ணு, அடக்கமா வந்துட்டுப் போச்சு. ஏன் மேடை ஏத்தினாங்கன்னுதான் தெரியல."

இடைவேளையில் தண்ணீர்க் கேன் அருகே இருவர் பேசிக்கொண்டது, திரைக்குப் பின்னால் நின்ற அருளப்பன் காதில் விழுந்தது. அந்தப் புடவையில் மேடைக்குப் போய்வந்தது அவன்தான். ஆண்களை நேசிக்கும் ஆண்கள் வருடம் ஒருமுறை பெண் வேடமிட்டு ஆடும் விழா அது. அவன் ஆண் என்பதே யாருக்கும் தெரியவில்லை. அப்படித் தெரியக்கூடாது என்றுதான் மாதக்கணக்கில் பழகியிருந்தான்.

தினகரை நினைத்தால் வயிறு எரிந்தது. ஜன்னல் திரையை வளையத்தோடு பிடுங்கி முந்தானையாகப் போட்டிருந்தான். காதில் டீ வடிகட்டி ஜிமிக்கி. மேடையில் ராணியாகச் செத்து விழுந்தவன், எழுந்து எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு மறுபடி மறுபடி செத்தான். கூட்டம் நாற்காலியைத் தட்டித் தீர்த்தது.

ஒப்பனை அறையில் அந்தத் தினகர் மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

"யாருடி என் ஜிமிக்கியை எடுத்தது? ஒத்தக் காதோட நான் எப்படிச் சாகறது?"

அருளப்பன் கைப்பையை இறுக்கிக்கொண்டு குரு வைரத்திடம் போனான். வைரம் அவனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

"அம்மா, அவன் பண்றது அழகா?"

"இல்லடி. அசிங்கம்."

"அப்புறம் ஏன் அவனுக்கு மட்டும் கைதட்டல்?"

வைரம் பவுடர் டப்பாவை மூடினார். "நடந்து காட்டு."

அருளப்பன் நடந்தான். புடவை மடிப்பு கூடக் கலையவில்லை.

"இது யாரு நடை?"

"எதிர்வீட்டு டீச்சரோடது. பால்கனியில நின்னு பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"பேங்குக்கு வேலைக்குப் போற நடை?"

"அது எங்க அண்ணனோடது."

"ரெண்டும் கச்சிதம். உன்னோடது எங்க?"

அவன் கொண்டைப் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஸ்கூல்ல பசங்க பின்னாடியே வந்து, இடுப்பை ஆட்டி ஆட்டி என்னை மாதிரி நடந்து காட்டுவாங்க. அதோட அந்த நடையை விட்டுட்டேன்."

"அவங்ககிட்ட போய் வாங்கிட்டு வா. வரும்போது இன்னும் கொஞ்சம் பெருசாக்கிக் கொண்டு வா."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. அருளப்பன் கைப்பையைத் திறந்து வடிகட்டியை எடுத்தான். தினகர் பார்க்கப் பார்க்க அதைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, இடுப்பு இரண்டு பக்கத் திரையிலும் இடிக்க மேடைக்கு நடந்தான்.