ஒரு சாண் இறங்கிய தடுப்பணை

மலையை விட்டு இறங்கி வரும் நொச்சியாறு சமவெளியில் கால் வைக்கும் இடத்தில் ஒரு தடுப்பணை இருந்தது. ஆள் உயரச் சிமெண்டுச் சுவர். நூல் பிடித்தாற்போல நேரான தலை. அந்த நேர்த்தியில் அதற்குக் கொள்ளைப் பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் வந்து அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். தன்னைத்தான் எடுக்கிறார்கள் என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

இடது ஓரத்தில் மட்டும் ஒரு விரிசல். அதன்மேல் பாசியை இழுத்துப் போர்த்தி, யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தது.

ஐப்பசியில் புதுவெள்ளம் வந்த அன்று, சுவரில் 'தொப்'பென்று ஏதோ மோதியது. சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒரு 'தொப்'.

"யாரது?" என்று அதட்டியது தடுப்பணை.

"நான்தான், மூக்கம்மா," என்றாள் கீழே ஒரு சேல்கெண்டை. பெயருக்கேற்ற மூக்கு மோதி மோதிச் சிவந்திருந்தது. "வயிறு நிறைய முட்டை, அண்ணாச்சி. மேல கூழாங்கல் படுகைக்குப் போயித்தான் இடணும். கொஞ்சம் வழி விடுங்க."

"உத்தரவு வைத்திருக்கிறாயா?"

"எதுக்கு உத்தரவு?"

"வழி விடுவதற்கு. தடுப்பதற்குத்தான் என்னைக் கட்டியிருக்கிறார்கள். என் பெயரிலேயே 'தடுப்பு' இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நான் வெறும் அணை."

"அணைன்னா தடுப்பணையை விடப் பெருசுல்லா? பதவி உயர்வுன்னு நெனைச்சுக்கிடுங்க."

தடுப்பணைக்கு ஒரு கணம் குழப்பமாகிவிட்டது. பிறகு சுதாரித்துக்கொண்டு, "பேச்சை வளர்க்காதே. அங்கேயே இட்டுவிட்டுப் போ," என்றது.

"இங்கன வெறும் சகதி. முட்டை மூச்சு முட்டிச் செத்துரும். வெள்ளம் வடிய மூணு நாளுதான் இருக்கு. அதுக்குள்ள ஏறலேன்னா, இந்த வருசம் எங்க கூட்டத்துல ஒத்தக் குஞ்சு கிடையாது."

சொல்லிவிட்டு மறுபடி எம்பினாள். மறுபடி விழுந்தாள். தடுப்பணை வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

பக்கத்துக் கரைச் சரிவில் ஒரு மருதமரம் நின்றது. அதன் வேர்ப்பிடியில் ஒரு குண்டுப்பாறை, சுற்றிலும் தன் குட்டிக் கற்களோடு உட்கார்ந்திருந்தது. இரண்டும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

"ஏ பாறை," என்றது மரம். "நீ கீழ இறங்கி அந்தச் சுவர் ஓரமா உக்காந்தா, அவளுக்கு ஒரு படி ஆகும்லா?"

"உருளுறது என் சுபாவத்துலேயே கிடையாது," என்றது பாறை. "ஆனா நீ வேரைத் தளர்த்தி, வெள்ளமும் அடிமண்ணைக் கரைச்சா, நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன்."

பாறைகளின் ஊரில் இதற்கு மேல் உற்சாகமாக யாரும் சம்மதம் சொன்னதில்லை.

மரம் வேரைத் தளர்த்தியது. வெள்ளம் மண்ணை அரித்தது. பாறை கடகடவென்று உருண்டு, சுவரின் இடது ஓரத்தில் தொம்மென்று இறங்கியது. குட்டிக் கற்கள் பின்னாலேயே வந்து அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. நீரின் வேகத்தில் அவை நகரத் தொடங்கியபோது, மரம் தன் பெரிய கிளை ஒன்றை முறித்து, கீழே குறுக்காகப் போட்டு முட்டுக் கொடுத்தது. கிளை போனது மரத்துக்கு வலித்திருக்கும். ஆனால் அது வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?" என்று பதறியது தடுப்பணை.

"யாரையும் கேக்கலியே," என்றது பாறை, புது இடத்தில் வசதியாக உட்கார்ந்தபடி. "உன்னையும் ஒண்ணும் செய்யச் சொல்லலை. நீ பாட்டுக்கு நில்லு."

அதுதான் தடுப்பணைக்குத் தாங்கவில்லை.

இரண்டாம் நாள் மூக்கம்மா படிப்படியாக ஏறினாள். முதல் படி தாண்டினாள், இரண்டாவதும் தாண்டினாள். கடைசியில் ஒரு சாண் உயரம் மிச்சம். எம்பினாள், தலை விளிம்பில் இடித்துக் கல்லில் விழுந்தாள். பத்துத் தடவை முயன்றிருப்பாள். மாலையில் வெள்ளம் இரண்டு விரல்கடை இறங்கிவிட்டது. அவள் கல்லிடுக்கில் செவுள் துடிக்கக் கிடந்தாள்.

தடுப்பணை தன் சுவரைப் பார்த்தது. அவளுடைய செதில்கள் இரண்டு அதில் ஒட்டியிருந்தன. வெயிலில் வெள்ளியாக மின்னின. எத்தனையோ பேர் தன்மேல் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்போதெல்லாம் இப்படிச் சங்கடமாக இருந்ததில்லை.

"வாய்க்காலே," என்று மெல்லக் கூப்பிட்டது. அதன் தேக்கத்திலிருந்துதான் வாய்க்கால் பிரிந்து வயல்களுக்குப் போகிறது. "நான் இடது ஓரத்தில் கொஞ்சம் தலையைக் குனிந்தால் உனக்கு நஷ்டமா?"

"குனியுறதா? முப்பது வயல் என்னை நம்பி நாத்து நட்டிருக்கு!" என்று வாய்க்கால் துள்ளியது. பிறகு யோசித்தது. "என் வாய் உன் தலைக்கு ரெண்டு முழம் கீழ இருக்கு. ஒரு சாண் குனிஞ்சா பாதகமில்லை. அதுக்கு மேல ஒரு விரல்கடை இறங்கினாலும் நமக்குள்ள பேச்சு வார்த்தை கிடையாது."

"ஒரு சாண்தான்."

"சரி. மீன்குஞ்சு வராம எனக்குள்ளயும் கொசுப்புழுக் கச்சேரியாத்தான் கிடக்கு."

தடுப்பணை கண்ணை மூடிக்கொண்டது. போர்த்தியிருந்த பாசியை விலக்கி, இத்தனை வருஷம் இறுக்கிப் பிடித்திருந்த விரிசலைக் கைவிட்டது. ஒரு சாண் சிமெண்டுக் கட்டி பெயர்ந்து விழுந்தது. அந்த இடைவெளி வழியாக நீர் சலசலவென்று கல்படிகளில் இறங்கியது.

மூக்கம்மா வாலைச் சுழற்றினாள். ஒரே எம்பு. மேலே போய் ஒரு வட்டம் அடித்துவிட்டு, "ரொம்ப சந்தோசம், அண்ணாச்சி!" என்றாள். அவள் பின்னால் ஐம்பது கெண்டைகள் வரிசை கட்டின.

தடுப்பணைக்கு ஒரு பக்கம் பெருமிதம். இன்னொரு பக்கம், நேரான தலை போய்விட்டதே என்ற துக்கம்.

மறுநாள் காலையில் பயமும் சேர்ந்துகொண்டது. வாய்க்கால் பாசனக்காரர்களின் தலைவி உலகம்மாள், கொத்தனார் பூதத்தானைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் தோளில் சிமெண்டு மூட்டை.

"பாத்தீகளா யக்கா, நான் சொன்னாப்ல பெயர்ந்து கிடக்கு," என்றான் பூதத்தான். "அரை மணி நேரத்துல அடைச்சுரலாம்." மளமளவென்று கலவையைக் குழைத்தான்.

மரம், பாறை, வாய்க்கால் மூன்றும் உலகம்மாளையே பார்த்தன.

உலகம்மாள் வாய்க்காலை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி, பெயர்ந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு கெண்டை அவள் மூக்குக்கு நேராக எம்பி, அப்பால் விழுந்தது. முகமெல்லாம் தண்ணீர்.

"அடி ஆத்தாடி!" என்று சிரித்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தாள். கெண்டைகள் ஏறின. ஆனால் விரல் நீளமே இருந்த அயிரைகள் நடுப்படியை எட்ட முடியாமல் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தன.

"யக்கா, கலவை இறுகுது. அடைக்கவா?"

"அடைக்க வேண்டாம். வயலுக்குத் தண்ணி போகுதுல்லா, பிறகென்ன? அந்த நடுவுல ஒரு கல்லை வச்சுப் பூசு. இதுக ஏற முடியாமத் தவிக்குது பாரு."

"இதையெல்லாம் யாரும் நம்மளச் செய்யச் சொல்லலையே யக்கா?"

"சொன்னாத்தான் செய்வியோ?"

பூதத்தான் தலையைச் சொறிந்தான். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். அவன் கல் வைக்க, உலகம்மாள் இடுக்குகளில் கலவையை அப்பினாள். குளிர்ந்த சிமெண்டு பாறையின் விலாவில் பட்டதும், பாறைக்குக் கிச்சுகிச்சு மூட்டியது.

கலவை இறுகியதும் முதல் அயிரை தயங்கித் தயங்கிப் புதுப் படியில் ஏறியது. பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஒரு திரளே வந்தது.

மேலேயிருந்து தடுப்பணை கவலையோடு எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தது:

"பிள்ளைகளா, பார்த்து ஏறுங்க. பாசி வழுக்கும்."