அரசர் காய்ச்சிய பாயசம்

போர் இல்லாத வருஷம் ராஜாக்களுக்கு ஆகாது. மருதங்கோட்டை மன்னர் வீரவிசயருக்கு அப்படி ஒரு வருஷம் வாய்த்தது. இடுப்பில் வாள் சும்மா தொங்க, கையில் கரண்டியை எடுத்தார். பால் பாயசம் காய்ச்சினார். கிண்டாமல் விட்டதால் அடிப்பிடித்தது. முதலில் குடித்த தளவாய் கரியமாணிக்கம், அமிர்தம் என்றார். அதைக் கேட்டபடியே மன்னரும் குடித்தார். காது நிறையப் புகழ்ச்சி இருக்கும்போது நாக்குக்குத் தீய்ந்த வாடை எங்கே தெரியும்?

தளவாய்க்கு வேலையில்லாத மைத்துனன் ஒருவன் இருந்தான். இத்தனை கைமணம் உள்ள மன்னருக்குத் தனியாகச் சமையற்காரர் எதற்கு, மேற்பார்வைக்குத் தன் மைத்துனன் போதுமே என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற அரண்மனைச் சமையற்காரர் சோலைமலை அதைக் கேட்டுவிட்டார். அரண்மனை அடுப்பை நம்பித்தான் அவர் வீட்டு அடுப்பும் எரிந்தது.

மன்னர் நியாயஸ்தர். ஊரைக் கேட்டுத்தான் முடிவு என்றார். கேட்கும் பொறுப்பைத் தளவாய் ஏற்றுக்கொண்டார். கடைத்தெருவில் வந்தவர்க்கெல்லாம் இரண்டு பாயசமும் ஊற்றி, மன்னருடையது நன்றா, சமையற்காரனுடையது நன்றா என்று கேட்டார்கள். இருபுறமும் வேலோடு காவலர் நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரே மன்னர் பக்கம் சேர்ந்துவிட்டது.

சோலைமலை ஓடிப்போய் அம்பலவாணரிடம் அழுதார். அம்பலவாணர் சபையில் இருந்த புத்திசாலி. வாய் நீளமும் கொஞ்சம் அதிகம். அவர் நேரே மன்னரிடம் வந்தார்.

"மகாராஜா, கேட்டு அறிவது நல்ல வழிதான். ஒரே பகலில் ஊர் முழுக்கக் கேட்டுவிடலாம். ஆனால் பதில் சொன்னது வாயா, பக்கத்தில் நின்ற வேலா என்பதுதான் தெரியவில்லை."

அப்படியானால் பேச்சே வேண்டாம், குடிப்பவர்களை நானே கண்ணால் பார்க்கிறேன் என்றார் மன்னர். மறுநாள் விருந்தில் பந்திக்கு எதிரே போய் உட்கார்ந்தார். பிரதானிகள் அவர் பாயசத்தை விரலிடுக்கு விடாமல் நக்கினார்கள். வயதான பண்டாரக் காப்பாளர் கண்ணீர் மல்க இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணி மன்னர் பூரித்தார்.

"பார்ப்பது கேட்பதைவிட மேல்தான், மகாராஜா," என்றார் அம்பலவாணர். "பார்ப்பது யாரென்று அவர்களுக்குத் தெரியாதவரையில்."

மன்னருக்குச் சுருக்கென்றது. "வேறு வழி இருந்தால் நாளைக்குக் காட்டும். இல்லாவிட்டால் சோலைமலையோடு நீரும் மூட்டை கட்டும்."

மறுநாள் சபையில் ஒரு திரை தொங்கியது. அம்பலவாணர் அதன் பின்னால் ஒரு கிண்ணத்தில் மன்னர் பாயசமும் இன்னொன்றில் சோலைமலை பாயசமும் ஊற்றி, ஒன்றின் அடியில் மட்டும் மஞ்சள் தடவினார். எது எதுவென்று வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஒரு முகமாவது காட்டிக் கொடுத்துவிடும். பிறகு திரைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, மன்னரைக் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கிண்ணங்களைக் காவலன் கொண்டுபோய்க் கொடுத்தான்.

முதல் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்த மன்னர், தூ என்று துப்பினார்.

தளவாய் முந்திக்கொண்டார். "அது அந்தச் சமையற்காரன் பாயசம்தான், மகாராஜா. தொட்டியில் ஊற்றினால் மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்."

இரண்டாம் கிண்ணத்தை மன்னர் சொட்டு விடாமல் குடித்தார். இதுவல்லவா என் கை என்றார்.

கண்கட்டை அவிழ்த்ததும் அம்பலவாணர் வெளியே வந்தார். மன்னர் காய்ச்சியது மஞ்சள் தடவிய கிண்ணம் என்று சொல்லி, இரண்டின் அடியையும் தூக்கிக் காட்டினார். மஞ்சள், துப்பிய கிண்ணத்தின் அடியில் இருந்தது.

தளவாய் தடுமாறி, "ஒரே ஒரு நாக்கை வைத்து ஊருக்கே தீர்ப்பா?" என்றார்.

"நியாயமான கேள்வி," என்றார் அம்பலவாணர். "ஒரு நாக்கு ஊர் நாக்கு ஆகாது. ஆனால் மன்னருக்குப் பயப்படாத நாக்கு இந்த நாட்டில் அது ஒன்றுதானே, தளவாய்?"

மன்னர் சற்று நேரம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சோலைமலை அடுப்பங்கரைக்குத் திரும்பினார். தளவாயின் மைத்துனன் மாட்டுத் தொட்டி கழுவும் வேலைக்குப் போனான்.

"ஓய் அம்பலவாணரே, உண்மையைச் சொல்லும். என் பாயசம் எப்படி?"

"இடுப்பில் வாளோடு கேட்கிறீர்கள், மகாராஜா."

மன்னர் வாளைக் கழற்றிக் கீழே வைத்தார். "இப்போது?"

"கிரீடம் இன்னும் தலையில் இருக்கிறதே."

மன்னர் மறுபடி சிரித்தார். அம்பலவாணருக்குப் பரிசு உண்டு என்றார். அண்டாவில் மீதியிருந்த தம் பாயசம் முழுவதும் அவருக்கே.

"நீர் குடிப்பதை நான் எதிரே உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்."

அம்பலவாணர் குடித்தார். விரலிடுக்கையும் விடவில்லை.