மாடியில் கங்கை

மாடி போர்ஷனில் தனியாகக் குடியிருந்தாள் சம்பூர்ணம். உப்புத் தண்ணீரில் ஷவர் அடைத்துப்போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கோ சொம்பைத் தூக்கினால் கை தோளுக்கு மேல் எழும்பாது. தலைக்கு ஊற்றிவிடவும் ஆள் கிடையாது.

வீட்டு ஓனர் வேதாசலத்திடம் கேட்டால், "அதான் சொட்டுதுல்ல? சுத்தமா நின்னா சொல்லும்மா, மாத்துவோம்" என்பார்.

தீபாவளி வந்தது. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையோடு வாசலில் நின்று, வருவோர் போவோரையெல்லாம் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார் வேதாசலம். தலை நிறைய எண்ணெயும் சீயக்காயுமாக இறங்கி வந்த சம்பூர்ணத்தையும் கேட்டுவிட்டார்.

"ஆகிட்டே இருக்குங்கய்யா. விடியுமுன்னே ஷவரைத் திறந்தேன், இப்பத்தான் நெத்தி நனைஞ்சிருக்கு. எப்படியும் கார்த்திகைக்குள்ள முடிச்சிருவேன்."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "என்ன மாமா, மாடியில கங்கை வத்திப்போச்சா?"

அன்று கடை ஏது? வேதாசலம் புது வேட்டியை மடித்துக் கட்டி, தன் குளியலறை ஷவரையே கழற்றி, மரையில் வெள்ளை டேப் சுற்றி, மாடியில் மாட்டிக் கொடுத்தார்.

தண்ணீர் மழையாகக் கொட்டியது. வெகுநேரம் நின்றாள்.

"போதும்மா! டேங்க் தீருது, சளி புடிச்சுக்கப் போகுது!" என்று கீழேயிருந்து கத்தினார்.

சளி பிடிக்கும் என்று அவளிடம் யாராவது சொல்லி எத்தனையோ வருஷமாயிற்று. இன்னொரு தரம் சொல்லட்டும் என்று, கேட்காததுபோல் நின்றாள்.