புன்னை மரத்துக் குருவி

கடலோரத்து மடத்தில் தில்லைநாயகம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. குரு சிவகாமிக்கு நாற்பத்தெட்டுதான். ஆனாலும் வாய் நிறைய ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

எல்லாவற்றையும் விட்டு வந்தவரால் பறவை பார்ப்பதை மட்டும் விட முடியவில்லை.

அந்தக் கார்த்திகையில் மடத்துப் புன்னை மரத்துக்கு ஓர் இலைக்கதிர்க்குருவி வந்தது. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். வடகிழக்கு மலைகளோடு நின்றுவிடும், இவ்வளவு தெற்கே வராத இனமோ என்று அவருக்குச் சந்தேகம். இந்தக் குருவிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குரலை வைத்துத்தான் இன்னதென்று சொல்ல முடியும். இதுவோ வாயே திறக்கவில்லை.

செல்போனில் அந்த இனத்தின் குரலைப் போட்டார். பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்த குருவி அதை அப்படியே விட்டுவிட்டுப் பறந்து வந்தது. போனைச் சுற்றிச் சுற்றித் தேடியது. கிளை கிளையாகத் தேடியது. கத்தவில்லை. மறுபடி போட்டார். மறுபடி வந்து தேடியது.

“காலையிலேருந்து எத்தனை தடவை ஐயா?” என்று கேட்டார் அம்மா.

“பத்துப் பன்னிரண்டு இருக்கும்மா. ஒரு தடவை கத்திட்டாப் போதும், பதிவு பண்ணிடுவேன். போன வருஷம் ஒண்ணைத் தப்பாச் சொல்லிட்டேன். ‘இன்னிக்கு என்ன ஐயா, காக்காயா மயிலா’ன்னு பறவை பார்க்கிறவங்க சங்கத்துல இன்னும் கேலி பண்றாங்க. குரல் கையில இருந்தா எவன் சிரிப்பான்?”

கிளையில் இன்னும் தேடிக்கொண்டிருந்த குருவியை அம்மா அண்ணாந்து பார்த்தார்.

“வெறும் சத்தம்தானே, அதுக்கு என்ன கெடுதல் அம்மா?”

“சாப்பாட்டு மணி அடிச்சாச்சு. போனைக் கொடுத்துட்டுப் போங்க.”

இலையில் சோறு விழுந்தது. இரண்டு வாய் உள்ளே போயிருக்கும்.

“அப்பா! அப்பா, எங்க இருக்கீங்க?”

வாசல் பக்கமிருந்து வந்தது குரல். நார்வேயில் இருக்கிற மகள் வேதவல்லி! நாலு வருஷமாக ஊர்ப்பக்கமே வராதவள். எச்சில் கையோடு எழுந்து ஓடினார். வாசலில் இல்லை.

“அப்பா!”

கிணற்றடியில் இல்லை. கொல்லையில் இல்லை. செருப்பில்லாமல் மணலில் ஓடினார்.

புன்னை நிழலில் அம்மா நின்றிருந்தார். கையில் அவருடைய போன். மகள் என்றைக்கோ போனில் அனுப்பிய குரல்பதிவு அது. மடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அவரே போட்டுக் காட்டியதுதான்.

தில்லைநாயகத்துக்கு மூச்சு வாங்கியது. விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே, குருவி இலைகளுக்கடியில் பூச்சி தேடிக்கொண்டிருந்தது.

அம்மா போனை நிறுத்தி அவர் சட்டைப் பையில் போட்டார்.

“சோறு ஆறுது, போய்ச் சாப்பிடுங்க ஐயா. அதுவும் சாப்பிடட்டும்.”