பஞ்சில் சுற்றிய லேப்டாப்

ஒரு காட்டில் உடும்பு ஒன்று லேப்டாப் வைத்திருந்தது. உடும்புக்கு ஏது லேப்டாப் என்று கேட்காதீர்கள். நரியும் காக்கையும் பேசியபோது கேட்டீர்களா?

அந்தக் காட்டு ஆறு கோடையில் வெறும் மணலாகிவிடும். தண்ணீர் மணலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். எந்த வளைவில், எத்தனை அடி தோண்டினால் ஊற்று வரும் என்று உடும்பு பத்துக் கோடைகள் அலைந்து கண்டுபிடித்தது. நானூறு குறிப்புகள்! எல்லாம் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

அந்த வருடம் காட்டுக் குளமும் சீக்கிரமே வற்றிவிட்டது. ஆற்றின் மேற்குக் கரையில் ஒரு புள்ளிமான் தன் குட்டியோடு தவித்தது. குட்டி பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. தாய்க்கும் பால் வற்றிவிட்டது. மணலைத் தோண்டக் காட்டுப்பன்றி தயாராக நின்றது. எங்கே தோண்டுவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

குரங்கு உடும்பிடம் ஓடியது. 'குரங்கு கையில் பூமாலை' என்பார்கள். இந்தக் குரங்கு அப்படிப்பட்டதல்ல. பொறுப்பானது, இளகிய மனம் கொண்டது.

"அண்ணே! மான்குட்டி நாக்கு வறண்டு கிடக்குது! எங்கே தோண்டணும், சொல்லுங்க!"

"இங்கிருந்து சொல்ல முடியாது தம்பி. ஆத்தைப் பார்த்துக்கிட்டே குறிப்பைப் படிக்கணும். எனக்குக் கால்ல அடி. நீயே லேப்டாப்பைக் கொண்டு போ."

சொன்னதே தவிர, உடும்பு அதை விடவில்லை.

"உடும்புப்பிடின்னு சும்மாவா சொன்னாங்க! விடுங்கண்ணே!"

"ஒண்ணு கேட்டுக்கோ. இதுக்குள்ள ஒரு தட்டு வேகமா சுத்தும். தட்டுக்கு மேல ஒரு முனை, தொட்டும் தொடாம நிக்கும். ஓடும்போது குலுக்கினா முனை தட்டுல இடிச்சுக் கீறிடும். எழுதினதெல்லாம் போயிடும். அதனால நான் நிறுத்தித்தான் தர்றேன். அங்கே போய், சமமான பாறையில வச்சு, அப்புறம் சுவிட்சைப் போடு. நடுவழியில போடாதே!"

"சரிண்ணே!"

உடும்பு லேப்டாப்பை நிறுத்தியது. காதை வைத்து, உள்ளே ஓசை அடங்கும்வரை காத்திருந்தது. பிறகுதான் கொடுத்தது.

பாதி வழியில் ஒரு இலவமரம் இருந்தது. காய் வெடித்துப் பஞ்சு தொங்கியது. குரங்கு அங்கே நின்று யோசித்தது.

'இது பழைய லேப்டாப். போட்டால் விழிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். அதுவரை அந்தக் குட்டி தவிக்குமே! இப்போதே போட்டு வைத்தால், போனதும் காட்டிவிடலாம். குலுங்காமல் இருக்கப் பஞ்சு சுற்றிக்கொண்டால் ஆயிற்று.'

லேப்டாப்பின் சுவிட்சைப் போட்டது. உள்ளே தட்டு சுற்றத் தொடங்கியது. குரங்கு அதன்மேல் கனமாகப் பஞ்சு சுற்றி, கொடியால் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டது. ஒரு தாய்கூட அவ்வளவு பதமாக அணைக்கமாட்டாள். பிறகு கிளைக்குக் கிளை தாவியது.

மேற்குக் கரைக்கு வந்து பஞ்சைப் பிரித்தது. வெளியே ஒரு கீறல் இல்லை.

"பாருங்க! அப்படியே இருக்கு!" என்றது பெருமையாக.

உள்ளிருந்து 'டக், டக், டக்' என்று சத்தம் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. குரங்கு நிறுத்திப் போட்டது. மறுபடி நிறுத்திப் போட்டது. அதே டக், டக்.

"என்ன ஆச்சு?" என்றது மான்.

குரங்கு கறுப்புத் திரையைத் திருப்பிக் காட்டியது. காட்டுப்பன்றி ஒரு கணம் பார்த்தது. "நின்னுக்கிட்டிருந்தா ஆகாது. கண்ட இடத்துல தோண்டறேன்" என்று மணலில் இறங்கியது.

முதல் குழியில் தண்ணீர் இல்லை. இரண்டாவது குழியில் பாறைதான் இருந்தது. மூன்றாவதில் ஈரம் மட்டும் இருந்தது. பன்றியின் மூக்கில் ரத்தம் கசிந்தது. வெயில் சாயும் நேரத்தில் நான்காவது குழியில் தண்ணீர் ஊறியது.

மான் ஓடிப்போய் வாய் நிறைய மொண்டு வந்தது. குட்டியின் வாயில் விட்டது. தண்ணீர் கடைவாய் வழியே வழிந்து மணலில் இறங்கியது. குட்டி விழுங்கவில்லை. மான் மறுபடியும் போய் மொண்டு வந்தது. மூன்றாம் தடவை பன்றிதான் அதை மெல்லத் தடுத்தது.

அப்போதுதான் உடும்பு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது. லேப்டாப்பில் காதை வைத்துக் கேட்டது. முனை தட்டைக் கீறிவிட்டது என்று புரிந்துகொண்டது.

"நானும் குத்தவாளிதான். அத்தனையையும் ஒரே இடத்துல வச்சிருந்தேன். இன்னொரு பிரதி எடுத்து வைக்கலையே!" என்று தலையைக் குனிந்துகொண்டது.

"நான் பஞ்சு சுத்தினேனே! நல்லதுக்குத்தானே செஞ்சேன்!" என்று குரங்கு அழுதது.

மான் அதை நிமிர்ந்து பார்த்தது.

"நல்லதுக்குத்தான் செஞ்சே. எனக்குத் தெரியும். அதனாலதான் உன்னைத் திட்டக்கூட எனக்கு வாய் வரல" என்றது.

ஒன்றைக் காக்க அன்பு மட்டும் போதாது. அதன் இயல்பை அறிந்து, அதற்குரிய நேரம் வரும்வரை பொறுக்கவும் வேண்டும்.