பாதியில் நின்ற ஒலிப்பதிவு

"விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கலாம்னு இருக்கேன் மேடம்" என்றார் சென்னியப்பன்.

ரெஜினா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்த விண்ணப்பம்?"

"பேராசிரியர் பதவிக்குப் போட்டதுங்க. திங்கட்கிழமை நேர்காணல். 'உங்க ஆராய்ச்சியால யாருக்கு என்ன ஆச்சு'ன்னு கேப்பாங்க. என்கிட்ட பதில் இல்லைங்க."

இருவரும் கோவைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்கள். இணையப் பக்கங்களில் மனிதர்கள் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவர்களுடைய துறை. சென்னியப்பனின் முனைவர் பட்டத்துக்கு ரெஜினாதான் வழிகாட்டி.

வயதில் ரெஜினா இளையவர். சென்னியப்பன் வங்கி வேலையை உதறிவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். ஆனாலும் இன்றுவரை மேடம் சொன்னால்தான் உட்காருவார்.

சொன்னார். உட்கார்ந்தார்.

மனிதரின் மனக்குறை இதுதான். ஊரில் ஒரு மருத்துவமனை. டாக்டரைப் பார்க்க இணையத்தில்தான் டோக்கன் போட வேண்டும். அந்த இணையப் பக்கம் அந்தக் காலத்தில் ஒரு சித்திரவதை. சென்னியப்பன் ஆட்களை உட்காரவைத்து, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே டோக்கன் போடச் சொன்னார். அவர்கள் பேசுவது ஒலிப்பதிவாகும். ஆய்வாளர் மட்டும் குறுக்கே வாயைத் திறக்கக் கூடாது. இந்தத் தொழிலின் விரதம் அது.

ஆளாளுக்குப் பக்கத்தைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். அதை வைத்து அவர் எழுதிய கட்டுரை கடல் தாண்டிப் போனது. முகம் தெரியாதவர்களெல்லாம் மேற்கோள் காட்டினார்கள்.

பிறகு அவரே மெனக்கெட்டு அந்தப் பக்கத்தைத் திருத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து சனி பிடித்தது.

"திருத்தினப்புறம் அந்தப் பக்கத்தைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க மேடம். எழுதறதுக்கு ஒண்ணுமே கிடைக்கலை. இத்தனை வருஷம் பாடுபட்டதெல்லாம் வீணாப்போச்சுங்க."

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"ரெக்கார்டிங் இருக்கா?"

"இருக்குங்க. ஆனா கேக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்லைங்க."

"போடுங்க."

முதலில் பழையதைப் போட்டார். ஓர் ஆண் குரல், தயங்கித் தயங்கி.

"இதென்ன கேக்குது... பேரைத்தான் அப்பவே போட்டனே... மறுபடியும் மொதல்ல இருந்தா? எனக்கு அறிவு பத்தலைங்க தம்பி. எம் பையன் வந்தப்புறம் பாத்துக்கறேன்."

பேசியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

ரெஜினா புதியதைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

இதில் பேசியவர் மயிலாத்தாள் என்கிற அம்மாள். கணவரின் கண் பரிசோதனைக்கு டோக்கன் போட வந்தவர். கணீரென்ற குரல்.

"மனசுல ஓடறதையா? நேத்து எம் பொண்ணப் பாக்க வந்ததுதானுங்க ஓடிட்டிருக்கு. பையன் தங்கமான பையன். அவங்கம்மாதான் வாயே தொறக்கலை. காப்பி குடுத்தேன், தொடலை. பலகாரம் வெச்சேன், பாக்கலை. திடீர்னு எந்திரிச்சாங்க. நேரா எங்க சமையக்கட்டுக்குள்ள போனாங்க. போயி, எம் பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டு..."

ஒலிப்பதிவு நின்றது.

"பாத்தீங்களா மேடம்? பக்கத்தைப் பத்தி ஒரு எழுத்து இல்லை. எல்லாப் பதிவும் இப்படித்தான். ஒருத்தர் மாட்டு வியாபாரம் பேசறார், ஒருத்தர் மழையைப் பத்திப் பேசறார்."

ரெஜினா கடலை உரிப்பதை எப்போதோ விட்டிருந்தார்.

"கையைப் புடிச்சுக்கிட்டு?"

"என்னங்க?"

"அந்தப் பொண்ணோட கையைப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க?"

"தெரியாதுங்க மேடம்."

"நீங்க கேக்கலையா?"

"குறுக்கே பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

"அதுக்காக இப்படியா அந்தரத்துல விடுவீங்க? நல்ல இடம் பாத்து நிறுத்திட்டீங்களே சார்."

சென்னியப்பனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. திங்கட்கிழமை தன் மானம் போகப்போகிறது. இவர் யார் வீட்டுக் கல்யாணத்தையோ விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

"நான் எங்கங்க நிறுத்தினேன்? டோக்கன் வந்துட்டா ரெக்கார்டிங் தானா நின்னுரும். அந்தம்மா கதையை முடிக்கறதுக்குள்ள டோக்கன் வந்துருச்சு."

சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார்.

ரெஜினா மறுபடியும் ஒரு கடலையை எடுத்து உரித்தார்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்கு சார்?" என்று ரெஜினா கேட்டார்.

"பத்து மணிக்குங்க" என்றார் சென்னியப்பன். அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.