மூச்சு கேட்கக் கூச்சப்பட்ட செல்

பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்த நாச்சிமுத்துவின் வயிற்றில் ஒரு கொழுப்புச் செல் குடியிருந்தது. நல்ல செல்தான். சாப்பாட்டில் மிஞ்சிய கொழுப்பை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். தான் கைவிட்டால் அது நேரே கல்லீரலில் போய் அடைந்துகொள்ளும் என்று அதற்குத் தெரியும். கல்லீரல் பாவம், ஏற்கெனவே ஆயிரம் வேலை.

செல்லிடம் ஒரு தூதன் இருந்தான். செல்லுக்கு மூச்சு முட்டினால் அவன் ஓடிப்போய் ரத்தக்குழாயிடம் சொல்வான். குழாய் புதிதாக ஒரு கிளை விட்டு வந்து சேரும், பின்னாலேயே காற்றும் வரும். உடம்பு பெருக்கும்போதெல்லாம் அப்படித்தான் நடக்க வேண்டும்.

நாச்சிமுத்து நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழவில்லை. டீயும் போண்டாவும் இருந்த இடத்துக்கே வந்தன. செல் ஊதிப் பெருத்தது, மூச்சு வாங்கியது. புறப்பட்ட தூதனை அது தடுத்துவிட்டது. அக்கம்பக்கத்துச் செல்கள் எல்லாம் சும்மா இருக்கையில் தான் மட்டும் மூச்சுக்கு ஆள் அனுப்பினால் என்ன நினைப்பார்கள் என்று கௌரவம் பார்த்தது. அவையும் இதையே நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தன. யார் போய் அதற்குச் சொல்வது?

இரண்டு வருடம் கழித்து, தாங்க முடியாமல் தூதனை அனுப்பியது. குழாய் உடனே வந்தது. ஆனால் வெளியிலேயே நின்றுவிட்டது.

"சுத்தியும் நாரா இறுகிப் போயிருக்குது. முட்டி முட்டிப் பாக்கறேன், நுழைய முடியலையே."

"இன்னொரு தடவை பாருங்கண்ணா," என்றது செல்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நான் எப்பவாவது வரமாட்டேன்னு சொன்னனா?"

அதுதான் செல்லைச் சுட்டது. யாருமே மறுக்கவில்லை. இது கேட்கவே இல்லை. அதன் பிடி தளர்ந்து கொழுப்பு கசிந்தது, கல்லீரலுக்குள் போய் அடைந்தது. சர்க்கரையை உள்ளே விடச் சொல்லி இன்சுலின் வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தது. கொழுப்பு அடைத்த கல்லீரல் திறக்கவில்லை. போக்கிடமில்லாத சர்க்கரை ரத்தத்திலேயே அலைந்தது. தன்னை நம்பி ஒப்படைத்ததைக் காப்பாற்ற முடியவில்லையே என்று செல் அழுதது.

கால் புண் ஆறாமல் நாச்சிமுத்து மருத்துவரிடம் போனார். மனைவி தெய்வாத்தாளும் கூட வந்திருந்தாள். சர்க்கரை முந்நூற்று நாற்பது என்று சொல்லிவிட்டு, படியேறினால் மூச்சு வாங்குமா, எத்தனை நாளாக என்று மருத்துவர் கேட்டார்.

"ரெண்டு வருசமா இருக்குதுங்க," என்றார் நாச்சிமுத்து. "எல்லாரும் சும்மா ஏறிப் போறாங்க. நான் மட்டும் எப்படிங்க வெளிய சொல்றது?"

தெய்வாத்தாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மருத்துவரிடம் மெல்லச் சொன்னாள்.

"எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது, ஒரு வருசமா."